பெரியக்காவுக்குக் கிடைக்காத வசவு

மெஷினுக்குள் படுத்திருந்த பெரியக்காவுக்கு மூக்கு அரித்தது. சொறிய முடியாது. கையைத் தூக்கினால் தலை ஆடும், தலை ஆடினால் படம் கலங்கும் என்று இத்தனை வருஷமாக வந்தவர் போனவருக்கெல்லாம் பாடம் எடுத்தவளே அவள்தான். அந்த ஸ்கேன் சென்டரில் புது எம்.ஆர்.ஐ. மெஷின் வந்து இறங்கியிருந்தது. முதல் நோயாளியை ஏற்றுவதற்கு முன்னால் வேலை பார்ப்பவர்களில் ஒருவரைப் படுக்கவைத்து, படம் எப்படி விழுகிறது என்று பார்ப்பது அங்கே வழக்கம். பிளாஸ்டிக் தலையை வைத்துப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரன் போகட்டும், எனக்கு உயிருள்ள தலை வேண்டும் என்பார் படம் பார்க்கும் டாக்டர். யார் தலை என்று பேச்சு வந்ததும் எல்லோரும் பெரியக்காவைத்தான் பார்த்தார்கள். டெக்னீஷியன்களில் மூத்தவள் அவள். மூத்தவள் இருக்கும்போது வேறு யார் ஏறுவது? தோட்டைக் கழற்றி, கொண்டை ஊசிகளை உருவி வைத்துவிட்டு, சினிமாவுக்குக் கிளம்புகிறவள் மாதிரி சிரித்துக்கொண்டேதான் ஏறிப் படுத்தாள்.

டடடட என்று இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஒரு வரிசைப் படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில் கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாகிவிடும். அந்த அமைதியில் தலைமாட்டு ஸ்பீக்கரிலிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"படம் பிரமாதம்பா. கண்ணாடி மாதிரி இருக்கு. ஆமா, யாரு மண்டை இது? எண்பது வயசுக் கிழவியைப் பிடிச்சுப் போட்டீங்களா? உள்ள ஒரே வெள்ளை வெள்ளையா இருக்கே."

அவர் அப்போதுதான் உள்ளே வந்திருக்க வேண்டும். திரையில் பெயர் இருக்கும் இடத்தில் 'சோதனை' என்று மட்டும் இருந்திருக்கும். மைக் பொத்தானை அழுத்திய தங்கச்சி விரலை எடுக்க மறந்திருப்பாள். தங்கச்சி என்பது பெரியக்காவுக்கு அடுத்த டெக்னீஷியன். கூடப் பிறந்தவள் இல்லை, கூட உட்கார்ந்து உட்கார்ந்து அப்படி ஆகிப்போனவள். அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் தங்கச்சி சொன்னாள், "எல்லாம் நல்லாப் போயிட்டிருக்குக்கா. அப்படியே படுத்திருங்க."

அந்தக் குரல் பெரியக்காவுக்குத் தெரியும். அது அவள் சொல்லிக் கொடுத்த குரல். திரையில் நல்லது தெரிந்தாலும் கெட்டது தெரிந்தாலும் ஒரே மாதிரி பேசணும்டி, உள்ளே படுத்திருக்கிறவங்களுக்கு உன் தொண்டையிலிருந்து எதுவும் தெரிஞ்சுடக் கூடாது என்று அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பெண் நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். மூக்கு அரித்தது எப்போது நின்றதென்றே தெரியவில்லை.

வெளியே வந்தவள் தோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் நேராகத் திரைக்குப் போனாள். யாராவது மூடிவிடுவார்கள் என்று பயம். யாரும் மூடவில்லை, மூடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்கள். பார்த்தாள். மூளைக்கு நடுவே நீர் நிற்கும் இடங்களைச் சுற்றிப் பால் சிந்தினாற்போல வெள்ளை. அதைத் தாண்டி அங்கங்கே புள்ளிகள். சில இடங்களில் புள்ளியும் புள்ளியும் சேர்ந்துகொண்டிருந்தன. வலது பக்கம் ஆழத்தில் சின்னதாக ஒரு குழி. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நுண்ணிய ரத்தக் குழாய்கள் வருஷக்கணக்கான ரத்தக் கொதிப்பில் தடித்துப் போய்விட்டால், அவை பாயும் இடம் சோர்ந்துபோய் இப்படி வெளுக்கும். குழி இருந்தால் எப்போதோ ஒரு குட்டி அடைப்பு வந்து, வந்ததே தெரியாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரிப் படங்களை எடுக்கும்போதெல்லாம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பாவம், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதோ என்னவோ என்று நினைப்பாள். இப்போது தன்னைச் சுற்றி நின்ற முகங்களில் அதே பாவம் எழுதியிருந்ததைப் பார்த்து அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சோதனைங்கிறதை அழி," என்றாள் தங்கச்சியிடம். "என் பேரைப் போடு. வயசையும் சரியாப் போடு, ஐம்பத்தி நாலு. எண்பது இல்ல."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. இடி டாக்டர் என்று அவருக்குப் பட்டப்பெயர். யாராவது தப்பாகப் படம் எடுத்துவிட்டால் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு நடைபாதைக்கே வந்துவிடுவார். அங்கே நின்று அவர் விடும் டோஸ் ரத்தப் பரிசோதனைக் கூடம் வரைக்கும் கேட்கும். படித்துத்தானே வந்தாய், இல்லை வாங்கி வந்தாயா என்பார். கண்ணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா என்பார். சாயங்காலம் டீ குடிக்கும்போது, அன்றைக்கு இடி விழுந்தவரை நடுவில் உட்காரவைத்து மற்றவர்கள் அதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அந்த வசவு வாங்காதவர் அங்கே யாரும் இல்லை. பெரியக்கா வாங்கியதைப்போல யாரும் வாங்கியதும் இல்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் அன்றைக்கு, "ஸாரி பெரியக்கா, நீங்கன்னு தெரியாது," என்று முனகிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

நரம்பு டாக்டரிடம் போனாள். யாரும் சொல்வதற்கு முன்னால் அவளேதான் போனாள். அவர் கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், மளமளவென்று கழித்தாள். சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, வேறு ஏதேதோ பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். ஒன்றைத் தவிர எல்லாம் வந்தது. ஒரு தாளில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடந்தன. ஒரு எண், ஒரு எழுத்து என்று மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும். அதில் மட்டும் பேனா தயங்கியது. தப்பு வரவில்லை, ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்றுதான் போனது. டாக்டர் அதைக் கவனித்தார் என்பதை அவளும் கவனித்தாள். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: படத்தில் இவ்வளவு வெள்ளையை வைத்துக்கொண்டு கணக்கு வழக்கெல்லாம் பிசகாமல் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், இதைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். படம் எச்சரிக்கும், ஜோசியம் சொல்லாது. பி.பி. மாத்திரையை ஒரு நாள்கூட விடாதே, நட, நன்றாகத் தூங்கு, அடுத்த வருஷம் மறுபடி பார்க்கலாம். வேலைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, போகாமல் என்ன, தாராளமாகப் போ என்றார்.

வீட்டில்தான் கூத்து. அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் மெக்கானிக். மனுஷன் அதுவரை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது அவள் அடுப்பை அணைத்துவிட்டு நகர்ந்தால் பின்னாலேயே வந்து கேஸ் குமிழைத் திருகிப் பார்த்தார். சாவியை எங்கே வைத்தாய், நேற்று யார் வந்தார்கள், இன்றைக்கு என்ன கிழமை என்று போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அவர் வீடெல்லாம் கண்ணாடியைத் தேடிய அன்றைக்கு, உன்னையும் ஒரு தடவை அந்த மெஷினுக்குள் தள்ளிப் பார்க்கணும், ஆனால் படம் எடுக்க உள்ளே ஏதாவது இருக்கணுமே என்றாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்தார். பயப்படுகிறான் கிறுக்கன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு மட்டும் பயம் இல்லையா? இருந்தது. காலையில் பல் துலக்கும்போது இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் பேர் ஒரு கணம் நாக்கில் தட்டி நின்றபோது இருந்தது. ஆனால் பயத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டாள். மற்றவர்களின் கருணையோடுதான் நடத்த முடியவில்லை.

வேலையிடத்தில் அது அப்படிக் கொட்டியது. படம் பிடிக்க உடம்பில் மாட்டும் கனமான காயிலை அவள் தூக்கப் போனால் யாராவது பிடுங்கிக்கொண்டார்கள். உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கிறதா, தலையில் கிளிப் வைத்திருக்கிறதா, இதயத்துக்குக் கருவி வைத்திருக்கிறதா என்று அவள் நோயாளியிடம் கேட்டு முடித்த கையோடு, தங்கச்சி வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற சாக்கில் அதையே மறுபடி கேட்டாள். அதை மட்டும் பெரியக்கா தடுக்கவில்லை. அந்தக் காந்த அறையில் ஒரு மறதி என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே இரண்டு வாய் கேட்பது நல்லதுதான். ஆனால் டீ நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு மாறியதே, அதற்கு என்ன அவசியம்? ஜோக் அடிக்கிறவர்கள் அவள் பக்கம் திரும்பியதும் ஜோக்கைச் சின்னதாக்கிக்கொண்டார்கள். இடி டாக்டரோ அவளிடம் பேசும்போது ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர் மாதிரி பேசினார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த முட்டி விவகாரம் நடந்தது.

இரண்டு முட்டியும் வலிக்கிற ஒரு பெரியவர். வெளியூரிலிருந்து பஸ் மாறி வந்தவர். அனுப்பிய டாக்டரின் சீட்டில் வலது முட்டி என்று எழுதியிருந்தது. அவர் வாய் ஓயாமல் இடது முட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மாடி ஏறினால் அது என்ன செய்கிறது, மழை வந்தால் என்ன செய்கிறது என்று. பெரியக்காவும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டே அவரைப் படுக்கவைத்து, காயிலை மாட்டி, படம் எடுத்து அனுப்பிவிட்டாள். அத்தனை படமும் இடது முட்டி. வலதா இடதா என்று பக்கத்தைக் கேட்டு, சீட்டைப் பார்த்து, அதற்கப்புறம்தான் காயிலைத் தொட வேண்டும் என்பது அந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் பாடம். போன மாசம் தங்கச்சி ஒரு தோளில் இதே தப்பைச் செய்தாள். அன்றைக்கு விழுந்த இடியில் பாவம் அவள் பாத்ரூமுக்குள் போய் அழுதாள். சாயங்காலம் அவளே அதை எழுந்து நின்று நடித்துக் காட்டினாள்.

டாக்டரின் கதவு திறந்தது. பெரியக்கா எழுந்து நின்றாள். வரட்டும் என்று காத்திருந்தாள். அவர் நடைபாதை வரை வேகமாக வந்தவர், மெஷினை இயக்கும் கன்சோலில் இருப்பது யார் என்று பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். முகம் இளகியது. அவளைத் தாண்டித் தங்கச்சியிடம் போய்த் தணிந்த குரலில், பெரியவரை இன்னொரு தடவை ஏற்றிக்கொள்ளலாம், பரவாயில்லை, இனிமேல் பக்கத்தை நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார். போகிற போக்கில் பெரியக்காவின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

தட்டிக் கொடுத்த இடம் சுருக்கென்றது. அவள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். மறந்தேனா, அவசரப்பட்டேனா, பெரியவர் பேச்சில் மயங்கிவிட்டேனா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. எழுத்தும் எண்ணும் தடுமாறியது அவளுக்குள்; பெயர் நாக்கில் நின்றது அவளுக்குள்; அதற்கெல்லாம் அவளே பதில் சொல்லிக்கொள்வாள். செய்த தப்பைக்கூட அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போய் இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார்? வேலையிலிருந்து எடுக்காமலே எடுத்துவிட்டார்கள். அவள் எழுந்து டாக்டரின் அறைக்குப் போனாள். தட்டவில்லை.

படம் பார்க்கும் அறையில் எப்போதும் அரை இருட்டு. இரண்டு பெரிய திரைகளின் வெளிச்சத்தில் அவர் முகம் நீலமாக இருந்தது.

"சார், என்னை ஏன் திட்டலை?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்குத் திட்டணும்?"

"வலது முட்டி எடுக்கச் சொன்னா இடது முட்டி எடுத்து வச்சிருக்கேன். அதுக்கு."

"விடுங்க பெரியக்கா. இப்ப உங்களுக்கு இருக்கிற நிலைமையில..."

"என் படத்தைப் போடுங்க சார்."

அவர் தயங்கினார். அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் தேடி எடுத்துத் திரையில் போட்டார். அவளுடைய பெயரும் ஐம்பத்தி நாலும் மூலையில் தெரிந்தன. நடுவில் அந்த வெள்ளை.

"இதுல எந்தப் புள்ளி சார் அந்த முட்டியை எடுத்துச்சு? காட்டுங்க."

"அப்படியெல்லாம் காட்ட முடியாது. உங்களுக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறேன். புள்ளி எடுத்திருந்தா புள்ளியைத் திட்டுங்க. நான் எடுத்திருந்தா என்னைத் திட்டுங்க. ரெண்டும் இல்லாம என்னைத் தாண்டிப் போய் தங்கச்சிகிட்ட சொல்றீங்க. நான் என்ன, அங்க நிக்கிற ஸ்ட்ரெச்சரா?"

டாக்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு மைக் திறந்திருந்தது தெரியாமல் பேசிவிட்டேன், அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன் சார், இதைத்தான் மன்னிக்க முடியவில்லை என்றாள் அவள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம், சீட்டைப் பார்த்திருக்கலாம் என்று ஆரம்பித்தார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரல்.

"இது திட்டா சார்? இது வழியனுப்பற மாதிரி இருக்கு."

எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னதான் வேணும் உங்களுக்கு? அந்த மனுஷன் விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்திருக்கார். வலியோட வந்தவரை மறுபடி ஏறு, மறுபடி படுன்னு சொல்ல நமக்கு வெக்கமா இல்ல? பக்கம் பாக்கறது நேத்து சேந்த பொண்ணுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதா? இது மட்டுமா? போன வாரம் ஒரு அம்மாவோட முதுகுப் படம் அத்தனையையும் அவங்களுக்கு முன்னாடி வந்தவர் பேர்ல ஏத்தி வச்சிருந்தீங்க. நான் உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தினேன்."

சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார்.

பெரியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகுப் படம். ஒரு அம்மா. அவள் ஞாபகத்தில் தேடினாள். பையைக் கவிழ்த்துக் கொட்டிய பிறகும் சாவி விழாததுபோல எதுவும் விழவில்லை.

"ஏன் சார் அன்னைக்கே சொல்லலை?"

"எப்படிச் சொல்றது?"

"இப்ப சொன்னீங்கல்ல. இப்படித்தான்."

அவர் உட்கார்ந்தார். புது மெஷின் பழைய பெயரைத் தானாக அழிப்பதில்லை, நாம்தான் மாற்ற வேண்டும். தங்கச்சியும் ஒரு தடவை அப்படிச் செய்தாள், அவளை அன்றைக்கே உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன் என்றார். உங்களுடையது மெஷினாலா, மறதியாலா, இந்த வெள்ளையாலா, எதனால் என்று எனக்குத் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை என்றார். எனக்கும் தெரியவில்லை என்றாள் பெரியக்கா. இருவரும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் படம் எடுத்தவளும் இத்தனை வருஷம் படம் படித்தவரும் பார்த்தும், அது வாயைத் திறக்கவில்லை.

"ஒருநாள் வரும்னா வரட்டும் சார்," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "அன்னைக்கு என் மூஞ்சிக்கு நேரா, போதும் எழுந்திருங்கன்னு சொல்லுங்க. நானே எழுந்து போயிடறேன். மனுஷங்க உயிரை நம்பிக் குடுக்கிற இடம், அது எனக்குத் தெரியாதா? ஆனா அது வரைக்கும் என் தப்பு என்கிட்டதான் வரணும். வந்த அன்னைக்கே வரணும். முதுகுப் படத்தையும் சேத்துத் திட்டுங்க."

"பெரியக்கா..."

"இங்க வேணாம். எல்லாரையும் எங்க வச்சுத் திட்டுவீங்களோ, அங்க வச்சு."

அவள் போய்க் கதவை அகலத் திறந்தாள். நடைபாதை வெளிச்சம் உள்ளே விழுந்தது. பெஞ்சில் அந்தப் பெரியவர் பேண்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கச்சி கையில் ஒரு கவரோடு நின்றாள். யாரோ ஒரு அம்மா பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள். டாக்டர் வாசல் வரை வந்து நின்று ஒரு தடவை பெரியக்காவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

இடி விழுந்தது. கண்ணை எங்கே வைத்துவிட்டு வந்தீர்கள் என்று ஆரம்பித்து, பக்கம், சீட்டு, பெயர், முதுகு, முட்டி என்று ஒன்று விடாமல் வந்தது. மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்ளாமல் இத்தனை வருஷம் உடம்பைக் கெடுத்துக்கொண்டதும் அதில் சேர்ந்துகொண்டது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடைந்தது, உடைந்தாலும் குறையவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தலைகள் நீண்டன. பெரியவர், தம் கால் விஷயத்துக்கா இவ்வளவு என்று பதறிப்போய் எழுந்து நின்றார். பெரியக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவமானமாகத்தான் இருந்தது. அந்தப் பெரியவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. ஆனாலும் முதுகை வளைக்காமல், ஒவ்வொரு சொல்லையும் தன் கணக்கில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

பாதியில் டாக்டருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இருமிக்கொண்டே உள்ளே திரும்பி மேஜை மேல் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அந்தக் கதவு விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அது மெல்ல மூட வந்தது. பெரியக்கா அதில் முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பிடித்தாள். ஸ்பிரிங் அவளை வெளியே நெட்டியது. அவள் செருப்பைத் தரையில் அழுத்திக்கொண்டு, அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.